ஆடைத் தொழிலில் அறியப்படாத கலைஞர்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலம் பெற்றோருக்குக் கவலைக்குரிய காலம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு, படித்த பின் வேலை கிடைக்குமா என்னும் வினாக்கள் அடுத்தடுத்து எழுகின்றன. மருத்துவம், பொறியியல், செவிலியர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி என நாம் வழக்கமாக எண்ணிப் பார்க்கும் படிப்புகளுக்கு நடுவே, “நான் பேஷன் டிசைன் படிக்க விரும்புகிறேன்” என்று மகளோ மகனோ கூறிவிட்டால் வீட்டில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. “தையல் வேலைக்கா?” என்று பாட்டி கேட்கிறார். “மேடையில் வரிசையாக நடந்து காட்டுகிறார்களே, அதற்கா?” என்று தந்தை கேட்கிறார்.

இரு வினாக்களுமே இயல்பானவை. நாள் முழுதும் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் தையற்கலைஞரையும், தொலைக்காட்சியில் தோன்றும் ஒளிமிக்க மேடையையும் மட்டுமே நாம் கண்டிருக்கிறோம். இவ்விரண்டிற்கும் இடையே ஓர் ஆடை உருவாகும் நெடிய வழியில் எத்தனை பேர் நிற்கின்றனர், அவர்கள் செய்யும் வேலை யாது என்பதைப் பெரும்பாலோர் அறியார். உண்மையில், படைப்புத் திறன் உள்ள இளைஞருக்கு நிலையான வேலை கிடைக்கும் இடம் அந்த வழிதான். பெயர் பலகையில் வராத வேலைகள் அவை. அவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் பிள்ளையை இத்துறைக்கு அனுப்புவதும் தவறு. தெரிந்துகொள்ளாமலே தடுப்பதும் தவறு.

அரைகுறை உடைகளைப் பெருக்குகின்ற தொழில் என்னும் அச்சமும் சில பெற்றோருக்கு உண்டு. அதையும் மறைக்காமல் பேசிவிடுவோம். மேடைக்காகத் தைக்கப்படும் உடை மொத்த உற்பத்தியில் மிகமிகச் சிறு பங்கே ஆகும். குழந்தைச் சட்டை, பள்ளிச் சீருடை, பனியன், இரவு உடை, மருத்துவமனை ஊழியர் உடை, போர்வை, திரைச்சீலை ஆகியவையே இத்துறையின் பெரும்பகுதி. இவை ஒவ்வொன்றையும் எவரோ ஒருவர் திட்டமிட்டுத்தான் உருவாக்கியிருக்கிறார்.

உடையமைப்பாளர் என்பவர் யார்?

ஐரோப்பாவில் நெடுங்காலம் தையற்காரர் செல்வர் வீட்டுக்குச் சென்று, அவர் சொன்னபடி தைத்துக் கொடுத்து வந்தார். துணியும் அவருடையது, விருப்பமும் அவருடையது. இலண்டன் துணிக்கடைகளில் வேலை பழகிய சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் என்னும் ஆங்கிலேயர் பாரிஸ் நகருக்குச் சென்று 1858ஆம் ஆண்டு தமது நிலையத்தைத் தொடங்கினார். உடை எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்து, முன்கூட்டியே தைத்து, தம் பெயர் பொறித்த துணித்துண்டை உள்ளே வைத்துத் தைத்தார். வாங்குவோர் அவரிடம் வந்தனர். உடையமைப்பாளர் என்னும் தனித் தொழில் அவ்வாறு உருப்பெற்றது.

எனினும், அத்தொழிலில் மிக உயர்ந்த இடத்தை எய்தியவருள் ஒருவர் தையலறையிலிருந்தே வந்தவர். 1895ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் வடகரையில் கெத்தாரியா என்னும் மீனவ ஊரில் பிறந்த கிறிஸ்தோபல் பலென்சியாகாதான் அவர். நம் கடற்கரை ஊர்களை ஒத்த ஊர் அது. தாயார் பிறருக்குத் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தவர். அவ்வூரில் கோடையைக் கழிக்க வந்த சீமாட்டி ஒருவர், தம் விலையுயர்ந்த உடையைப் பார்த்து அதைப் போல் ஒன்று தைக்கச் சிறுவனை அனுமதித்தார். அச்சிறுவனே வளர்ந்து 1937ஆம் ஆண்டு பாரிசில் தம் நிலையத்தைத் திறந்தார். வரைவது, வெட்டுவது, தைப்பது ஆகிய மூன்றையும் தம் கையாலேயே செய்ய வல்லவர் என்று உடன் தொழில் செய்தோரே அவரை வியந்தனர். குருக்களின் அங்கிகளும் துறவியரின் உடையும் அவர் படைத்த ஆடைகளின் அகன்ற, எளிய வடிவத்தில் தெரிகின்றன என்று ஆடை வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவர்.

நம் நாட்டிலும் ஊசியும் நூலும் பிழைப்பளித்த வரலாறு உண்டு. நாகர்கோவிலில் 1820களில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். 1897ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டிலிருந்து முளகுமூட்டிற்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டரும் அவரைத் தொடர்ந்த சகோதரிகளும் ஆதரவற்ற பெண்களுக்கு அதே கலையைப் பிழைப்பாக ஆக்கிக் கொடுத்தனர். குமரி மாவட்டத்தில் மெல்லிய லேஸ் வேலை இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் இவர்களே. ஆனால் அந்நாளில் அப்பெண்கள் பின்னிய கோலங்கள் பெரும்பாலும் பிற நாட்டிலிருந்து வந்தவை. கோலத்தைத் தாமே படைக்கும் உரிமையும் பயிற்சியும் அவர்களுடைய பேத்தியருக்கு இன்று கிட்டியுள்ளன.

துணியிலேயே தொடங்கும் வேலை

உடையை அமைப்பதற்கு முன் துணியை அமைக்க வேண்டும். கோடிட்ட துணி, கட்டம் போட்ட துணி, பூப்போட்ட துணி எல்லாம் ஒருவர் சிந்தையில் பிறந்தவையே. அச்சிட்ட துணியில் ஒரு பூவை வரைவது எளிது. அப்பூ மேலும் கீழும் வலமும் இடமும் மீண்டும் மீண்டும் வரும்போது, முதல் பூவின் விளிம்பு அடுத்த பூவின் விளிம்போடு இணைய வேண்டும்; எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. நெடுந்துணியில் விரித்துப் பார்க்கையில் எண்ணாத ஒரு கோடு குறுக்கே ஓடுவதும் உண்டு. அதை முன்கூட்டியே காணும் கண் வேண்டும். வாயிற்படியில் நாள்தோறும் புள்ளிக் கோலம் இடும் பெண்ணுக்கு இக்கணக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்பது நம் கருத்து.

நெய்த துணியில் நிலை வேறு. காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் முந்தானையில் வரும் அன்னமும் மயிலும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடும் கூடும் ஓரிடம். எந்த இடத்தில் நூல் மேலே வர வேண்டும், எங்கே கீழே போக வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்பி, அதன்படி அட்டைகளில் துளையிட்டு, தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் கோப்பார்கள். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு அமைத்த முறை அது. இன்று பல இடங்களில் அட்டையின் வேலையைக் கணினி செய்கிறது. ஆயினும், வளைந்த மயிற்கழுத்தைச் சதுரக் கட்டங்களால் வளைவு கெடாமல் காட்டும் திறமை கணினிக்கு முன் அமர்ந்திருப்பவருக்கே உரியது.

கைத்தறியின் அழகை வளர்க்க நடுவண் அரசு 1956ஆம் ஆண்டு முதல் நெசவாளர் சேவை மையங்களை ஏற்படுத்தியது. அங்கே நெசவாளரோடு ஓவியர்களையும் அமர்த்தினார்கள். புகழ்பெற்ற ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் பம்பாய் மையத்தில் பணியாற்றியவர். காந்தியடிகளின் கோட்டோவியங்களால் தமிழ் இதழ் வாசகர் நன்கறிந்த ஓவியர் ஆதிமூலமும் சென்னையில் இம்மையத்தில் வேலை பார்த்தவரே. ஓவியத் திறன் உள்ள பிள்ளையைப் பார்த்து, “படம் போட்டால் சோறு கிடைக்குமா?” என்று கேட்போர் இச்செய்தியை நினைவில் கொள்வது நலம். சேலத்தில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இத்துறையில் பட்டயப் படிப்பை அளித்து வருகிறது.

பேட்டர்ன் மாஸ்டர்

இக்கட்டுரையில் நாம் சற்று நின்று பேச விரும்புவது இவரைப் பற்றியே. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் இப்பெயரைக் கேட்டால் மரியாதை தெரியும். உடையமைப்பாளர் வரைந்த படம் தட்டையான தாளில் இருக்கிறது. துணியும் தட்டையானது. மனித உடலோ உருண்டையானது. தட்டையான துணியை எத்தனை துண்டுகளாக, எவ்வெவ் வளைவில் வெட்டி இணைத்தால் உடல்மேல் சுருக்கமின்றி அமரும் என்று முடிவு செய்து, அட்டையில் வெட்டிக் கொடுப்பவர் பேட்டர்ன் மாஸ்டர்.

இதன் அருமையை நம் தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே அளவு ரவிக்கையைக் கொடுத்து இரு தையற்காரரிடம் தைத்தால், ஒன்று கச்சிதமாக அமர்கிறது, மற்றொன்று தோளில் தூக்குகிறது அல்லது கையை உயர்த்தினால் இழுக்கிறது. அளவு ஒன்றுதான். டாட் பிடித்த இடமும், கைக்குழி வளைவும் வேறு. நல்ல தையற்காரரைக் கண்டுபிடித்த பெண்மணி ஊர் மாறினாலும் அவரை விடாமல் தேடிப் போவது இதற்காகவே. அத்திறமையை ஒருவருக்காக அன்றி ஓர் இலட்சம் பேருக்காகச் செய்பவர் பேட்டர்ன் மாஸ்டர் என்று கூறலாம்.

இங்கே கணக்கும் வேண்டும். பனியன் துணி துவைத்தால் சுருங்கும். துவைத்த பின் சட்டையின் நீளம் 70 செ.மீ. இருக்க வேண்டும், துணியோ 5 விழுக்காடு சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். 70இல் 5 விழுக்காட்டைக் கூட்டி 73.5 செ.மீ. என்று வெட்டுவோர் உண்டு. அது சுருங்கினால் 70 செ.மீ.க்குச் சிறிது குறைந்துவிடும். 70ஐ 0.95ஆல் வகுத்து 73.7 என்று வெட்டுவதே முறை. இரண்டு மில்லிமீட்டர் தானே என்று எண்ணலாகாது. நீளத்திலும் அகலத்திலும் கழுத்திலும் இத்தகைய சிறு பிழைகள் சேர்ந்தால் வாங்குவோர் ஒப்பிய அளவு எல்லையைத் தாண்டிப் போகும்; சரக்கு முழுதும் திரும்பி வரும்.

சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்கு மாற்றுவதும் அவர் வேலையே. மார்பளவு கூடுகின்ற வீதத்தில் கழுத்தளவு கூடுவதில்லை, தோளும் அவ்வாறே. எல்லாவற்றையும் ஒரே வீதத்தில் பெருக்கிவிட்டால் பெரிய சட்டை கழுத்திலிருந்து நழுவும். பிறகு, வெட்டிய அட்டைகளைத் துணிமேல் நெருக்கமாக அடுக்கி வீணாவதைக் குறைக்க வேண்டும். சட்டை ஒன்றுக்கு ஒரு செ.மீ. துணி மிச்சமானால் ஓர் இலட்சம் சட்டைக்கு 1,000 மீட்டர் மிச்சம். ஆடையின் அடக்க விலையில் பெரும்பங்கு துணிக்கே செல்வதால், நல்ல மாஸ்டரை எந்த முதலாளியும் இழக்க விரும்பார்.

பழைய மாஸ்டர்கள் பள்ளிப்படிப்பை இடையில் விட்டு, கட்டிங் மேசையில் பழகி உயர்ந்தவர்கள். இன்று லெக்ட்ரா, கெர்பர் முதலிய கணினி முறைகளும், துணியைத் தைக்காமலே திரையில் உருவத்துக்கு அணிவித்துப் பார்க்கும் முறைகளும் வந்துவிட்டன. கைப்பழக்கமும் கணினிப் பழக்கமும் சேர்ந்து வாய்த்தவருக்கு நல்ல வரவேற்பு உண்டு. அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் நூறு உடைகளின் படங்களை வரைந்து தருகிறது. வரைவதை மட்டும் கற்ற பிள்ளைகள் இதனால் கலங்குவது இயல்பே. அப்படங்களைக் கைநுழைத்து அணியக்கூடிய சட்டையாக ஆக்குபவர் இன்னும் தேவைப்படுகிறார். வடிவியலில் விருப்பமும் கைப்பொருத்தமும் உள்ள பிள்ளைக்கு நாம் முதலில் சொல்வது இவ்வேலையைத்தான்.

பேட்டர்ன் மாஸ்டருக்கும் அயல்நாட்டு வணிகருக்கும் இடையே நிற்பவர் மெர்ச்சண்டைசர். வணிகர் அனுப்பும் குறிப்பைப் படித்து, நூல், சாயம், பொத்தான், மாதிரிச் சட்டை, கப்பலேற்றும் நாள் அனைத்தையும் ஒருங்கிணைப்பவர். கடிதம் எழுதவும் பொறுமையாகப் பேசவும் தெரிந்தவருக்கு ஏற்ற வேலை. தலைவலி மிகுந்த வேலை என்றும் சொல்ல வேண்டும்.

திரைக்குப் பின்னால்

திரைப்பட உடையமைப்பு பல இளைஞரைக் கவர்கிறது. கோலாப்பூரில் 1929ஆம் ஆண்டு பிறந்த பானு அத்தையா பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றவர். மகளிர் இதழ் ஒன்றுக்கு உடைகளின் படங்களை வரைந்து கொடுக்கும் வேலையில் தொடங்கினார். படத்தில் வரைவதை ஏன் தைத்துப் பார்க்கக் கூடாது என்று இதழாசிரியர் தூண்டவே, உடையமைப்பில் புகுந்து 1950களில் திரைப்படத்துக்கு வந்தார். ‘காந்தி’ திரைப்படத்துக்காக ஜான் மொல்லோ என்பவருடன் 1983ஆம் ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 2012ஆம் ஆண்டு, தமக்குப் பின் அது பாதுகாப்பாக இருக்க வேண்டுமென்று அமெரிக்காவிலுள்ள அக்கழகத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, 2020ஆம் ஆண்டு மறைந்தார்.

அப்படத்தின் உடைகளில் பகட்டு ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதராடை, ஏழை உழவரின் உடை, சிப்பாயின் சீருடை ஆகியவையே மிகுதி. தமிழில் 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘பரதேசி’ படத்துக்குப் பூர்ணிமா இராமசாமி தேசிய விருது பெற்றதும் இதே வகையில்தான். தேயிலைத் தோட்டக் கூலிகளின் கதை அது. புதுத் துணியைப் பல ஆண்டு உடுத்திக் கசங்கிய துணியாக்குவதும் ஒரு கலை. சாயத்தைக் குறைத்து, ஓரங்களைத் தேய்த்து, வியர்வைக் கறை படியும் இடத்தில் கறை படியச் செய்ய வேண்டும். ஒரே சட்டை, காட்சிக்கு ஏற்ப, புதியது, கிழிந்தது, நனைந்தது எனப் பல படிகளாக வேண்டியிருக்கும். படப்பிடிப்பு கதை வரிசைப்படி நடப்பதில்லை ஆதலால், எந்தக் காட்சியில் எந்தப் பொத்தான் அறுந்திருந்தது என்பதைக்கூடக் குறித்து வைப்பார்கள். இவ்வேலை விரும்புவோர் உதவியாளராகச் சில ஆண்டுகள் உழைக்க வேண்டும். வருமானம் ஒரு மாதம் வரும், மறுமாதம் வராது. வீட்டில் அதைத் தாங்கும் வசதி உண்டா என்பதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

தோல் பொருள்களையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்தில் காலணித் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. காலணி அமைப்பாளர் காலின் வடிவிலுள்ள கட்டையின்மேல் கோடிட்டு, அதைத் தட்டையாக விரித்துத் தோலை வெட்டுவார். தோலில் ஒவ்வோர் அங்குலமும் ஒரே தன்மையுடையதன்று. எந்தப் பகுதியிலிருந்து எதை வெட்டுவது என்பதே தனி அறிவு. சென்னையில் 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தொழிலுக்குப் பெருந்துணை.

சொல்லால் விற்ற துணி

கைவேலை வராது, எழுத வரும் என்னும் பிள்ளைக்கும் இத்துறையில் இடமுண்டு. அதற்கு நம் சென்னையின் பெயரையே தாங்கிய துணி சான்று. 1958ஆம் ஆண்டு, பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கிருஷ்ணன் நாயர், காய்கறிச் சாயமிட்ட மதராஸ் கட்டத் துணியை அமெரிக்க வணிகர் ஒருவருக்கு விற்றார். குளிர்ந்த நீரில் தனியே துவைக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை உடை வாங்கியோரைச் சென்றடையவில்லை. சட்டைகள் சாயம் போயின. வழக்குத் தொடுப்போம் என்னும் நிலை வந்தது. அப்போது ‘செவன்டீன்’ என்னும் இதழ் அத்துணியைப் பற்றிப் பல பக்கக் கட்டுரை வெளியிட்டது. கையால் நெய்து இயற்கைச் சாயம் ஏற்றிய துணி இது, ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து புது அழகு பெறும் என்னும் கருத்தை முன்வைத்தது. சாயம் போவதே சிறப்பு என்று விளம்பரம் செய்தனர். திருப்பி அனுப்ப இருந்த துணிக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. கிருஷ்ணன் நாயர் பின்னாளில் இதைப் பல முறை எடுத்துரைத்திருக்கிறார். குறையை நிறையாக்கிய அச்சாமர்த்தியத்தை முழுமனத்துடன் பாராட்ட நமக்குச் சிறு தயக்கம் உண்டு. எனினும், துணியைப் பற்றி எழுதுவதும், நிழற்படம் எடுப்பதும், கடையின் கண்ணாடிப் பேழையை அலங்கரிப்பதும் தனித்தனி வேலைகள் ஆகிவிட்டன. பேஷன் கம்யூனிகேஷன் என்னும் பெயரில் இவற்றுக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது.

சொந்தமாகத் தொடங்க விரும்புவோர்

வெளியூர் செல்ல இயலாத பெண்கள் இன்று மிகுதியாக நாடுவது ஆரி வேலை. மரச்சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, நுனியில் கொக்கியுள்ள ஊசியால் நூலையும் மணியையும் கோத்துத் திருமண ரவிக்கைகளுக்கு அணி செய்கிறார்கள். புதுநன்மைக் கவுன், மணமகள் உடை, பங்குத் திருவிழாவுக்கான ஆடைகள் என நம் பங்குகளிலேயே இவர்களுக்கு வேலை இருக்கிறது. இதில் பலர் சறுக்குவது கலையில் அன்று, கணக்கில்தான். துணி, நூல், மணி ஆகியவற்றின் விலையைக் கூட்டி, அதன்மேல் சிறிது வைத்து விலை சொல்கின்றனர். மூன்று இரவுகள் கண் விழித்த தம் உழைப்புக்குக் கூலி போட்டுக்கொள்வதில்லை. உறவினர், தெரிந்தவர் என்று குறைத்தும் கொடுக்கின்றனர். எத்தனை மணி நேரம் ஊசி பிடித்தோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பவர், எந்த வேலையை ஏற்பது, எதை மறுப்பது என்று ஓராண்டுக்குள் தெரிந்துகொள்கிறார்.

மனச்சான்றுக்குரிய செய்தி

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் வேலைக்கு வரச் செய்யப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் பெற்ற மிகக் குறைந்த கூலியைக் கேள்விப்பட்ட திருத்தந்தை பிரான்சிஸ், அவ்வாண்டு மே முதல் நாள் திருப்பலி மறையுரையில் அதை அடிமைத்தொழில் என்று கண்டித்தார். நம் ஊரிலும் நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டு, 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

உடையமைப்பாளர் மேசைக்கும் இவற்றுக்கும் தொடர்புண்டு. கப்பலேற்றும் நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் காலரை மாற்றச் சொன்னால், தொழிற்கூடத்தில் பெண்கள் நள்ளிரவு வரை தைக்க நேரிடும். அடர்ந்த நிறம் ஒன்றைத் தேர்ந்தால், சாயமும் நீரும் கூடுதலாகச் செலவாகும். இதைத் தெரிந்து வரைபவருக்கும் தெரியாமல் வரைபவருக்கும் வேறுபாடு உண்டு. ஆகவே, இப்படிப்பில் சேரும் பிள்ளைகள் விடுமுறையில் ஒரு மாதமேனும் தையற்கூடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது நம் வற்புறுத்தல். தொழிலின் நிலையாமையையும் அங்கே காணலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்று போனதையும், குறைத்ததையும் கண்டோம். அயல்நாட்டுச் சந்தையை மட்டும் நம்பிய வேலைக்கு இந்த இடர் உண்டு.

எங்கே பயில்வது?

நடுவண் அரசின் ஜவுளி அமைச்சகம் 1986ஆம் ஆண்டு தில்லியில் தேசிய பேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியது. நிஃப்ட் என்று சுருக்கமாக வழங்கும் இதன் சென்னை நிலையம் 1995ஆம் ஆண்டு தொடங்கித் தரமணியில் நடைபெறுகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமையும் பெற்றது. உடை, துணி, பின்னலாடை, தோல், அணிபொருள், தொடர்பியல் எனத் தனித்தனிப் பிரிவுகளில் நான்காண்டுப் படிப்பு உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் எப்பாடம் எடுத்தவரும் சேரலாம். உற்பத்தி நுட்பப் பிரிவுக்கு மட்டும் கணிதம் வேண்டும். கட்டணம் பல இலட்சம் ஆகும். திருப்பூரில் 1997ஆம் ஆண்டு முதல் ஏற்றுமதியாளர் ஆதரவில் நடக்கும் பின்னலாடைக் கல்லூரியும், கோவை வட்டாரக் கலைக் கல்லூரிகளில் உள்ள உடையமைப்பு இளநிலைப் பட்டமும், தொழிற்பயிற்சி நிலையங்களின் ஓராண்டுப் பயிற்சிகளும் செலவு குறைந்த வழிகள்.

தனியார் நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்துள்ளன. நல்லவையும் உண்டு. கடன் வாங்கிச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் நேரில் சென்று தையலறையைக் காட்டுமாறு கேட்க வேண்டும். எத்தனை மாணவருக்கு எத்தனை இயந்திரம், வெட்டும் மேசைகள் உண்டா, எப்பல்கலைக்கழகத்தின் பட்டம், சென்ற ஆண்டு படித்தோர் இருவரின் வீட்டாரோடு பேச முடியுமா என்று வினவலாம். விளம்பரப் படங்களை மட்டும் காட்டி, தையலறையைக் காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம். தொடக்க ஊதியம் எங்கு படித்தாலும் பெரிதாக இராது. மூன்று நான்கு ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

நிஃப்ட் நுழைவுத் தேர்வு பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் நடைபெறும். விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே வெளியாகும். ஆதலால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும்வரை காத்திருந்தால் அவ்வாண்டு கடந்துவிடும். பொது அறிவும் மொழியும் கணக்கும் ஒரு தாளில் கேட்கப்படும். வரையும் திறனும் வண்ண உணர்வும் மற்றொரு தாளில் சோதிக்கப்படும். இவற்றில் தேறியோருக்கு, வடிவமைப்புப் பிரிவுகளுக்காக, தாள், நூல், கம்பி, துணித்துண்டு போன்ற பொருள்களைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் ஒரு பொருளைக் கையால் செய்து காட்டச் சொல்வார்கள். அதைப் பற்றிச் சில வரிகள் எழுதவும் வேண்டும். இதற்கெனத் தனிப் பயிற்சி வகுப்புகள் பெருந்தொகை வாங்குகின்றன. பதினோராம் வகுப்பிலிருந்தே வீட்டிலுள்ள தீப்பெட்டி, பழைய செய்தித்தாள், தலையணை உறை, தென்னை ஈர்க்கு ஆகியவற்றைக் கொண்டு வாரம் ஒரு பொருள் செய்து, அதற்கு ஆன நேரத்தைக் குறித்து, நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அவ்வகுப்புகள் பெரும்பாலும் தேவைப்படா.